வேகாஸிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணம்: ரெட் ராக்கா, வேலி ஆஃப் ஃபயரா, ஸயானா?

நவம்பர் நெருங்கினால் போதும், தெரிந்தவர்கள் நாலைந்து பேரிடமிருந்து ஒரே கேள்வி வந்துவிடும். "லாஸ் வேகாஸில் மூன்று நாள் இருக்கிறோம். ஊரைப் பார்க்க இரண்டு நாள் போதும். மிச்சமிருக்கும் ஒரு நாளில் காரை எடுத்துக்கொண்டு அந்தச் சிவப்புப் பாறைகளைப் பார்க்கப் போகலாம் என்று நினைக்கிறோம். எங்கே போவது?" கூடவே போனில் சேமித்து வைத்த பத்துப் படங்களும் வரும். எது எந்த இடத்துப் படம் என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது. "எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கிறது?" என்று கடைசியில் ஒரு வரி.

ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாமே ஒரே பாறை. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஜுராசிக் காலத்தில், இன்றைய நெவாடா, யூட்டா, அரிசோனா மாநிலங்கள் இருக்கும் இடத்தில் மாபெரும் மணல் பாலைவனம் ஒன்று இருந்தது. அதன் மணல்மேடுகள் புதைந்து, இறுகிக் கல்லாயின. நெவாடாப் பக்கம் அந்தக் கல்லுக்கு அஸ்டெக் மணற்கல் என்று பெயர். யூட்டாப் பக்கம் நவஹோ மணற்கல். அந்தச் சிவப்பு, துருவின் சிவப்பு. மணலுக்குள் இருந்த இரும்பு துருப்பிடித்தது. நிலத்தடி நீர் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போன இடங்கள் வெளுத்து, வெள்ளையாகவும் இளமஞ்சளாகவும் தெரிகின்றன.

அதனால் எந்தப் பாறை அழகு என்று படங்களைப் புரட்டி முடிவு செய்யாதீர்கள். பாறை எங்கும் அழகுதான். சாலை, கடிகாரம், பணம் மூன்றும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அவற்றை வைத்துத்தான் நெவாடாவில் இருக்கும் ரெட் ராக் கேன்யன், வேலி ஆஃப் ஃபயர், யூட்டாவில் இருக்கும் ஸயான் ஆகிய மூன்றையும் நான் பிரித்துப் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஓட்டும் நேரமும் பார்க்கும் நேரமும். ஆறு மணி நேரம் ஓட்டி மூன்று மணி நேரம் பார்ப்பதை "சீனிக் டிரைவ்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் போகும் நேரத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

காரில் யார் இருக்கிறார்கள். மணலில் அரை மைல் நடக்க முடியாதவர் ஒருவர் கூட வந்தாலும், பாதையில் நடந்து போய்ப் பார்க்கும் இடங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். கார் கண்ணாடி வழியாகவே எவ்வளவு தெரியும் என்பதுதான் அப்போது கேள்வி.

எந்த மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாலைவனத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். டிசம்பரில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும்.

யாருடைய அடையாள அட்டை, எந்த மாநில நம்பர் பிளேட். கேட்க வேடிக்கையாக இருக்கும். நுழைவுக் கட்டணத்தை இவை இரண்டும் எவ்வளவு மாற்றுகின்றன என்று கீழே பாருங்கள்.

வெளிச்சம். சிவப்புப் பாறை நடுப்பகலில் சோகை பிடித்த மாதிரி வெளிறிப் போகும். காலையிலும் மாலையிலும்தான் அது உண்மையில் சிவப்பு.

## ஒரே பார்வையில்

| | ரெட் ராக் கேன்யன் | வேலி ஆஃப் ஃபயர் | ஸயான் |
|---|---|---|---|
| வேகாஸின் முக்கிய வீதியான ஸ்ட்ரிப்பிலிருந்து தூரம் (ஒரு வழி) | சுமார் 17 மைல் | சுமார் 50 மைல் | சுமார் 160 மைல் |
| ஓட்டும் நேரம் (ஒரு வழி) | அரை மணி | ஒரு மணி | இரண்டரை முதல் மூன்று மணி |
| நிர்வாகம் | மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை | நெவாடா மாநிலப் பூங்கா | தேசியப் பூங்கா |
| காருக்குக் கட்டணம் | 20 டாலர் (முன்பதிவுக் காலத்தில் கூட 2 டாலர்) | நெவாடா பிளேட் 10, மற்றவை 15 டாலர் | 35 டாலர், 7 நாளுக்கு. வெளிநாட்டவருக்குக் கூடுதல் கட்டணம் தனி |
| தேசியப் பூங்கா ஆண்டுச் சீட்டு | செல்லும் | செல்லாது | செல்லும் |
| முன்பதிவு | அக்டோபர் முதல் மே வரை, காலை 8 முதல் மாலை 5 வரை நுழைய | தேவையில்லை | பூங்காவுக்குள் நுழையத் தேவையில்லை |
| சொந்தக் காரில் சுற்றலாமா | முழுவதும் | முழுவதும் | பள்ளத்தாக்குச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதி பேருந்து மட்டும் |
| வேண்டிய நேரம் (போய்வர) | அரை நாள் | முக்கால் நாள் | முழு நாளும் பற்றாது |

## ரெட் ராக் கேன்யன்: அரை நாள்தான் இருக்கிறது என்றால்

ஊரின் மேற்கு விளிம்பில் வீடுகள் முடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறது. 13 மைல் நீளமுள்ள ஒருவழிச் சாலை. முதலில் கேலிகோ ஹில்ஸ் என்ற சிவப்புக் குன்றுகள், பிறகு ஏற்றம், உச்சியில் ஒரு காட்சிமுனை, அப்புறம் பெரிய செங்குத்து மலைச்சுவரை ஒட்டி இறங்கி வெளியேறலாம். அங்கங்கே நிறுத்திப் பார்த்தாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இங்கே பலர் கவனிக்காமல் போகிற ஒன்று உண்டு. மலைச்சுவரில் சிவப்பு மணற்கல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக்கல் உட்கார்ந்திருக்கும். வழக்கமாகப் பழைய பாறை கீழேயும் புதியது மேலேயும் இருக்கும். இங்கே தலைகீழ்: மேலே இருக்கும் சாம்பல் பாறைதான் கோடிக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. பூமியின் ஓடு நெருக்கப்பட்டபோது பழைய பாறை உடைந்து, வழுக்கிப் புதிய பாறையின் மேல் ஏறிவிட்டது. கீஸ்டோன் த்ரஸ்ட் என்று இதைச் சொல்கிறார்கள். பூகோளம் பிடிக்காதவர்களுக்குக்கூட இதைக் காட்டினால் ஒரு நிமிடம் வாய் திறந்து நிற்பார்கள்.

மறைந்திருக்கும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது முன்பதிவு. அக்டோபர் 1 முதல் மே 31 வரை காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் உள்ளே போக நேரம் குறித்து முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விடுமுறை வாரங்களில் கடைசி நிமிடத்தில் தேடினால் கிடைப்பது கடினம். ஆனால் வாசல் காலை 6 மணிக்கே திறந்துவிடும். 8 மணிக்கு முன்பே போய்விட்டால் முன்பதிவு வேண்டாம். மலைச்சுவர் கிழக்கு பார்த்திருப்பதால் காலை வெயில்தான் அதன் மேல் நேராக விழும். மதியத்துக்குப் பிறகு அது நிழலுக்குள் போய்விடும். அதனால் எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் போவதே லாபம்.

இரண்டாவது, ஒருவழிச் சாலை. முதல் முறை போனபோது, கேலிகோ ஹில்ஸின் முதல் நிறுத்தத்தில் கூட்டமாக இருக்கிறதே, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வருவது என்ற ஒன்றே அந்தச் சாலையில் கிடையாது. 13 மைலும் சுற்றி வெளியே வந்து, மறுபடி வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பின்சீட்டிலிருந்து வந்த விமர்சனங்களை இங்கே எழுத முடியாது.

பெரியவர்களுக்கு வசதியான இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். காட்சிமுனைகள் கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கின்றன. நுழைவாயில் பக்கத்திலேயே பார்வையாளர் மையமும் கழிப்பறையும் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் அரை மணியில் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். காலையில் மேற்கே போகிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால், கண் கூசாது.

குறை என்ன? பாலைவனத்துக்குள் வந்துவிட்டோம் என்ற உணர்வு முழுதாக வருவதில்லை. உச்சிக் காட்சிமுனைக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தால் தூரத்தில் நகரம் தெரிகிறது. காரிலேயே சுற்றுகிறவருக்கு முழு நாள் ஓட்டும் அளவுக்கு அங்கே சரக்கும் இல்லை. பாறை ஏறுகிறவர்களுக்கு அது வேறு உலகம். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது இல்லை.

## வேலி ஆஃப் ஃபயர்: என் ஓட்டு இதற்குத்தான்

ஐ-15 நெடுஞ்சாலையில் வடகிழக்கே போய் 75-ஆம் எண் எக்ஸிட்டில் இறங்க வேண்டும். அங்கேயே ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது என்பதால் தொட்டி பாதிக்குக் கீழே இருந்தால் இங்கேயே நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு பதினைந்து மைலுக்கு மேல் சாம்பல் நிற மலைகள், காய்ந்த புதர், வேறொன்றுமில்லை. "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்கும். அந்த மலைகளைத் தாண்டி இறங்கும்போது, சொல்லிவைத்தாற்போல் ஒரு வளைவில் நிலமே சிவந்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்காகவே நான் மேற்கு வாசல் வழியாகப் போகச் சொல்வேன். கிழக்கு வாசல் வழியாக வந்தால் இது கிடைக்காது.

நெவாடாவின் முதல் மாநிலப் பூங்கா இது, 1930-களில் உருவானது. கிழக்கு மேற்காக ஒரு முதன்மைச் சாலை. அதிலிருந்து வடக்கே பிரிந்து ஒயிட் டோம்ஸ் வரை சுமார் ஐந்தரை மைல் போகிறது மௌஸஸ் டேங்க் சாலை. போன வழியே திரும்பி வர வேண்டும், அதனால் எதையாவது தவறவிட்டாலும் பிடித்துவிடலாம். போன்களில் நீங்கள் பார்த்த படம், பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் பாம்பு மாதிரி போகிற தார்ச்சாலை, இந்தச் சாலைதான். அதே படத்துக்காகச் சாலை நடுவில் நிற்பவர்கள் வளைவுகளுக்குப் பின்னால் இருப்பார்கள். மெதுவாக ஓட்டுங்கள். நீங்களும் நடுச்சாலையில் நிற்காதீர்கள்.

மௌஸஸ் டேங்க் என்ற பெயருக்குக் கதை உண்டு. 1890-களில் மௌஸ் என்று அழைக்கப்பட்ட பையூட் பழங்குடிக்காரர் ஒருவர் அதிகாரிகளிடமிருந்து தப்பி இங்கே ஒளிந்திருந்தார். பாறைக் குழி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அது அவருக்குக் குடிநீர்த் தொட்டியாக இருந்தது. அந்தத் தொட்டிக்குப் போய்வர மொத்தம் முக்கால் மைல், மணல் பாதை, ஏற்றம் அதிகமில்லை. வழியெங்கும் இருபுறப் பாறைகளில் பழைய மக்கள் கொத்திய உருவங்கள் இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால் இதை நடங்கள். ஃபயர் வேவ் என்ற வரிவரியான பாறைதான் பிரபலம். போய்வர ஒன்றரை மைல், நிழலே இல்லை. இளைஞர்கள் போகட்டும்.

நடக்க முடியாதவர்களுக்குக் காருக்குப் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. தேன்கூடு மாதிரிக் குடைந்துபோன பீஹைவ்ஸ், வரிசையாக நிற்கும் செவன் சிஸ்டர்ஸ், நிறங்கள் விரிந்து கிடக்கும் ரெயின்போ விஸ்டா. அட்லாட்டில் ராக் என்ற பாறையில் சித்திரங்களைப் பக்கத்தில் பார்க்க இரும்புப் படிகளில் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் கீழே இருந்தே நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகளை பீஹைவ்ஸில் இறக்கிவிட்டால் திரும்பக் கூட்டி வருவதுதான் கஷ்டம். பெருங்கொம்பு ஆடுகளும் அடிக்கடி சாலையோரம் தென்படும்.

இப்போது மறைமுகச் செலவுகள். கட்டணம் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்து வாங்கப்படுகிறது. ஓட்டுகிறவர் எந்த ஊர் என்பதைப் பார்த்து அல்ல. வேகாஸில் எடுத்த வாடகைக் காருக்கு கலிஃபோர்னியா பிளேட்டோ அரிசோனா பிளேட்டோ இருக்கலாம். அப்படியானால் 15 டாலர். நெவாடா பிளேட் என்றால் 10. ஐந்து டாலர் பெரிய விஷயமில்லை, ஆனால் 80 டாலருக்கு வாங்கிய ஆண்டுச் சீட்டை நீட்டிவிட்டு, அது செல்லாது என்று தெரிந்ததும் சண்டைக்குத் தயாராகும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இது மாநிலப் பூங்கா, அது மத்திய அரசுச் சீட்டு. அவ்வளவுதான்.

திரும்பும்போது லேக் மீட் ஏரிப் பக்கமாக நார்த்ஷோர் சாலையில் வரலாம் என்று வரைபடம் காட்டும். அழகான சாலை, கூட்டமும் குறைவு. ஆனால் அது வேறு ஒரு மத்திய அரசுப் பகுதிக்குள் போகிறது. காருக்குத் தனியாக 25 டாலர். ஆண்டுச் சீட்டு இருப்பவர்களுக்கு அங்கே அது செல்லும். அவர்கள் இந்த வழியாகவே திரும்புங்கள். இல்லாதவர்கள் வந்த வழியே வந்தால் பார்த்ததே போதும்.

பகல்பொழுதுக்கு மட்டுமே வருகிறவர்கள் சூரியன் மறையும்போது வெளியேறிவிட வேண்டும். பாறை தகதகவென்று எரியும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் வாசலை நோக்கி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பது இந்த இடத்தின் சின்னக் கொடுமை. அதனால் மதியம் 12 மணிக்குப் போய்ச் சேர்வதும் வீண். டிசம்பரில் 10 மணிக்குள் உள்ளே இருங்கள். மாலையில் தென்மேற்கே திரும்பும்போது சூரியன் நேராக ஓட்டுநரின் முகத்தில் அடிக்கும். கருப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள்.

கோடையில் இது வேண்டாம். வெப்பத்தின் காரணமாக ஃபயர் வேவ், ஒயிட் டோம்ஸ் உள்ளிட்ட பல நடைபாதைகளைச் செப்டம்பர் இறுதி வரை மூடிவிடுகிறார்கள். சாலை திறந்திருக்கும், ஏ.சி. காருக்குள்ளிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் கார் ஏ.சி.யே கெஞ்ச ஆரம்பிக்கும்.

## ஸயான்: மிகப் பெரியது, ஒரு நாளுக்கு மிகத் தூரம்

காட்சியின் பிரம்மாண்டத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. மற்ற இரண்டிலும் பாறையைப் பார்ப்பீர்கள். இங்கே இரண்டாயிரம் அடிச் சுவர்களுக்கு நடுவே, ஓடும் ஆற்றின் கரையில் நிற்பீர்கள். அதனால்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். வேகாஸிலிருந்து ஒரே நாளில் கார்ப் பயணமாகப் போய்வர ஏன் தயங்குகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கடிகாரம். நெவாடா பசிபிக் நேரம், யூட்டா மலை நேரம். எல்லை தாண்டினால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். நடுவில் சுமார் 30 மைல் அரிசோனாவுக்குள் ஓட வேண்டும். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் கோடையில் அது நெவாடாவோடும் குளிர்காலத்தில் யூட்டாவோடும் ஒத்துப்போகும். போன் தானாக முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருக்கும். நான் ஒரு முறை காலை 8 மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, வழியில் காப்பிக்கு நிறுத்தி, 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே மணி 12. பார்வையாளர் மையத்தின் பார்க்கிங் எப்போதோ நிரம்பியிருந்தது. வாசலுக்கு வெளியே இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஒரு பேருந்து, உள்ளே இன்னொரு பேருந்து. பாறையின் காலடியில் நிற்கும்போது மணி ஒன்றரை. தப்பு முழுக்க என்னுடையது.

சீசனில் பார்க்கிங் கிடைக்க அங்கத்திய நேரம் 8 மணிக்குள் போய்விட வேண்டும். அது நெவாடா நேரம் 7 மணி. அப்படியானால் வேகாஸில் காலை நாலே காலுக்குக் கிளம்ப வேண்டும். குடும்பத்தோடு அது நடக்குமா என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, கார். ஏறக்குறைய மார்ச்சிலிருந்து நவம்பர் வரையும் டிசம்பர் கடைசி விடுமுறை நாட்களிலும் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். பேருந்து ஏற்பாடு நல்ல ஏற்பாடு, பெரியவர்களுக்குக்கூட வசதிதான். ஆனால் கார்ப் பயணம் என்று கிளம்பியவருக்கு இது ஏமாற்றம். காரோடு போகிறவர்கள் பார்க்க வேண்டிய சாலை பள்ளத்தாக்குச் சாலை அல்ல, ஸயான்–மவுண்ட் கார்மல் சாலை. வளைந்து வளைந்து ஏறி, 1930-இல் திறந்த 1.1 மைல் நீளச் சுரங்கப்பாதைக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தால் சதுரங்கப் பலகை மாதிரிக் கோடு போட்ட செக்கர்போர்ட் மேசா என்ற பாறைக் குன்று. இந்தச் சாலையில் சொந்தக் காரில் எப்போதும் போகலாம். ஒரு நாளில் வருகிறவர்கள் பேருந்து வரிசையில் நின்றே சோர்ந்து, இதைப் பார்க்காமல் திரும்புவதுதான் வருத்தம்.

மூன்றாவது, பணம். உங்கள் காரில் அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2026 ஜனவரியிலிருந்து, ஸயான் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்கள் ஆண்டுச் சீட்டு இல்லாமல் வந்தால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும். காருக்கு 35, அப்பா அம்மாவுக்கு 200. ஆக 235 டாலர். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டின் விலை 250 டாலர். இதே பயணத்தில் பிரைஸ் கேன்யனோ கிராண்ட் கேன்யனோ போவதாக இருந்தால் சீட்டு வாங்குவதே கணக்குக்குச் சரி. அவையும் அந்த 11-இல் இருக்கின்றன. ஒரு பிற்பகலுக்காக மட்டும் 235 டாலர் என்றால், வேலி ஆஃப் ஃபயரின் 15 டாலரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் ரெட் ராக்கும் இந்த 11 பூங்காக்களின் பட்டியலில் இல்லை.

பெட்ரோலும் சேர்த்துத்தான். போகவர சுமார் 320 மைல் என்றால் காலனுக்கு 30 மைல் ஓடும் காருக்கு ஏறக்குறைய 11 காலன். வேலி ஆஃப் ஃபயருக்கு நாலைந்து காலன் போதும்.

சரி, ஸயான் எப்போது சரியான தேர்வு? ஜனவரி, பிப்ரவரியில். பேருந்து ஓடாத அந்த மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போகலாம். உள்ளே நிறுத்துமிடங்கள் நிரம்பினால் சற்று நேரம் சாலையை மூடுவார்கள், அவ்வளவுதான். குளிர் இருக்கும், பகலும் குறுகியது, உயர்ந்த சுவர்களால் பள்ளத்தாக்கின் பல இடங்களில் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டத் தயார், கையில் ஏற்கெனவே ஆண்டுச் சீட்டு இருக்கிறது என்றால் தைரியமாகப் போங்கள்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஸயானின் வடமேற்கு மூலையில் கோலப் கேன்யன்ஸ் என்ற பகுதி, ஐ-15-இன் 40-ஆம் எண் எக்ஸிட்டை ஒட்டியே இருக்கிறது. ஐந்து மைல் சாலை, பேருந்துத் தொல்லை இல்லை, விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் செக்கச்சிவந்த மலைகள், கூட்டமும் மிகக் குறைவு. ஸயானின் புகழ்பெற்ற பள்ளத்தாக்கு அங்கிருந்து தெரியாது. அதே கட்டணம், அதே தூரம். "கார் மட்டும், நடை வேண்டாம்" என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உயரமான இடம் என்பதால் பனிக்காலத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

## பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

ஆன்டெலோப் கேன்யன் வேகாஸிலிருந்து ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். அங்கே சொந்தமாக உள்ளே போகவும் முடியாது, வழிகாட்டியோடு நேரம் குறித்துத்தான் போக வேண்டும். செடோனாவும் ஏறக்குறைய அதே தூரம். அது ஃபீனிக்ஸிலிருந்து போகிறவர்களுக்கான ஒரு நாள் பயணம். மானுமெண்ட் வேலி ஆறு மணி நேரத்துக்கு மேல். இவற்றில் எதையாவது ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு போனவராக இருப்பார்.

## யாருக்கு எது

டிசம்பரில் பெற்றோரோடு வருகிறீர்கள், ஒரு முழுப் பகல் இருக்கிறது: வேலி ஆஃப் ஃபயர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் போதும்.

மாலையில் விமானம், பெட்டிகளெல்லாம் காரிலேயே: ரெட் ராக். ஆனால் பெட்டிகள் வெளியில் தெரியும்படி வைத்துவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

ஜூலை, வேறு மாதம் கிடைக்கவே கிடைக்காது: ரெட் ராக், காலை 6 மணிக்கு வாசலில். ஒன்பது மணிக்கு ஓட்டலில் சிற்றுண்டி. அந்த மாதத்தில் முன்பதிவும் தேவையில்லை. மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஸயானில் திடீர் வெள்ள அபாயமும் உண்டு.

ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகள்: வேலி ஆஃப் ஃபயர். ஆளுக்கொரு மாற்றுத்துணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு மணல் உடையை விட்டுச் சுலபத்தில் போகாது.

இருவர், நன்றாக நடப்பவர்கள், அதிகாலை எழுவது பழக்கம்: ஸயான். பேருந்தை வசவு பாடாமல் ஏறத் தயாராக இருக்க வேண்டும்.

எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர் காரில் இருக்கட்டும், குளிர்காலத்திலும். வரைபடத்தை போனில் முன்பே இறக்கி வையுங்கள். வேலி ஆஃப் ஃபயருக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் அதன் மேல் ஏறாதீர்கள். மணற்கல் ஈரத்தில் வலுவிழந்து, கைப்பிடியோடு பெயர்ந்து வரும்.

கடைசியாக, "ஸயானைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை" என்கிறவர்களுக்கு. ஒரு நாளை ஒன்றரை நாளாக்க முடியுமா என்று பாருங்கள். வேலி ஆஃப் ஃபயரும் ஸயானும் ஐ-15-இல் ஒரே திசையில்தான் இருக்கின்றன. காலையில் 75-ஆம் எக்ஸிட்டில் இறங்கி மேற்கு வாசலில் நுழையுங்கள், மதியத்துக்குப் பிறகு கிழக்கு வாசலில் வெளியேறி ஓவர்ட்டன் ஊர் வழியாக 93-ஆம் எக்ஸிட்டில் மறுபடி நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே அரிசோனா மூலையில் வர்ஜின் ஆற்று இடுக்கைக் கடந்துவிடலாம். 1973-இல் திறந்த அந்தச் சாலைத்துண்டு சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், அதற்குக் கட்டணமும் இல்லை. இரவு யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஊரில் தங்குங்கள். மறுநாள் காலை அங்கிருந்து ஸயான் ஒரு மணி நேரம்தான். காணாமல் போன அந்த ஒரு மணியை நீங்கள் முந்தைய இரவே தூக்கத்தில் கொடுத்துவிட்டிருப்பீர்கள்.